கட்டியின் ஏற்பிகளைக் கதிரியக்க டிரேசர் கொண்டு படமெடுத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'டோட்டாடேட் பெட்', 'பிஎஸ்எம்ஏ பெட்', 'எஃப்இஎஸ் பெட்' என்று மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இது வழக்கமான பெட் ஸ்கேன்தானா, வேறு ஏதாவதா என்று குழம்புபவர்கள் பலர். அவர்களும் வீட்டாரும் கேட்கும் கேள்விகளோடு, அணு மருத்துவம் படிக்கும் மாணவர்கள் கேட்பவற்றையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் படங்கள் எதுவும் 'புற்றுநோய் இருக்கிறதா?' என்ற கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்வதில்லை. 'இந்த ஏற்பி இந்த இடத்தில், இன்றைக்கு, டிரேசர் (கதிரியக்க அணுவைச் சுமந்து செல்லும் மூலக்கூறு) வந்து ஒட்டக்கூடிய நிலையில் இருக்கிறதா?' என்ற கேள்விக்குத்தான் பதில் சொல்கின்றன. கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து கிளைப்பவை.

ஏற்பி என்றால் என்ன? அதைப் படமெடுப்பதில் என்ன பயன்?

உயிரணு தனக்கு வரும் ரசாயனச் செய்திகளை வாங்கிக்கொள்ளும் புரதம்தான் ஏற்பி. சில ஏற்பிகள் உயிரணுவின் மேற்பரப்பில் இருக்கும். சோமடோஸ்டேடின் என்ற ஹார்மோனின் ஏற்பி அப்படிப்பட்டது. சில, உள்ளே உட்கருவில் இருக்கும். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி அந்த வகை. நலமான உயிரணுக்களிலும் இவை உண்டு. ஆனால் சில வகைக் கட்டிகளில் இவற்றின் எண்ணிக்கை பல மடங்கு பெருகிவிடுகிறது. சிறுகுடல், கணையம், நுரையீரல் போன்ற இடங்களில், ஹார்மோன் சுரக்கும் உயிரணுக்களில் தோன்றும் நியூரோஎண்டோகிரைன் கட்டிகளில் பெரும்பாலானவை சோமடோஸ்டேடின் ஏற்பிகளை ஏராளமாகச் சுமக்கின்றன. அந்த ஏற்பியில் ஐந்து துணை வகைகள் உண்டு. இந்தக் கட்டிகளில் இரண்டாவது வகையே மேலோங்கி நிற்கும்.

அந்த ஏற்பியைத் தேடிப் போய் ஒட்டும் மூலக்கூறு ஒன்றில் கதிரியக்க அணுவைக் கோத்து ரத்தக்குழாயில் செலுத்தினால், கட்டி எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்பது ஒரே படத்தில் தெரிந்துவிடும். அதைவிடப் பெரிய பயன் இன்னொன்று. அதே ஏற்பியைக் குறிவைக்கும் மருந்து இந்த நோயாளிக்கு வேலை செய்ய வாய்ப்பு இருக்கிறதா என்பதை, மருந்தைக் கொடுப்பதற்கு முன்பே மதிப்பிட முடிகிறது.

பயாப்ஸியிலேயே ஏற்பி இருப்பதாகச் சொல்லிவிட்டார்களே, பிறகு ஸ்கேன் எதற்கு?

நியாயமான கேள்வி. பயாப்ஸி என்பது ஓரிடத்திலிருந்து, ஒரு நாளில் எடுத்த சிறு துணுக்கு. அந்தத் துணுக்கைப் பற்றி அது சொல்வதை எந்த ஸ்கேனாலும் சொல்ல முடியாது: உயிரணு எந்த வகை, எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது, எந்த மரபணு மாறியிருக்கிறது எல்லாம் அதில்தான் தெரியும். ஆனால் பரவிய நோயில் கட்டிகள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதில்லை. கல்லீரலில் இருக்கும் கட்டியில் ஏற்பி நிறைந்திருக்க, முதுகெலும்பில் இருப்பதில் அது அறவே இல்லாமல் போயிருக்கலாம். ஐந்து ஆண்டுகளுக்கு முன் மார்பில் எடுத்த துணுக்கில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருந்தது என்பதற்காக, இன்று எலும்பில் முளைத்திருக்கும் கட்டியிலும் அது இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

எல்லா இடத்திலும் ஊசியைச் செலுத்தித் துணுக்கு எடுப்பதும் நடக்காத காரியம். ஸ்கேன் அந்த இடைவெளியை நிரப்புகிறது. பயாப்ஸியின் இடத்தை அது பிடித்துக்கொள்வதில்லை. அடுத்த துணுக்கை எங்கிருந்து எடுப்பது என்று பல நேரங்களில் ஸ்கேன்தான் காட்டிக்கொடுக்கிறது.

டிரேசரை எப்படி உருவாக்குகிறார்கள்?

டிரேசர் என்ற எண்ணமே நூறாண்டுப் பழமை உடையது. கதிரியக்க அணுவைச் சுவடாக வைத்து ஒரு பொருள் உடலுக்குள் எங்கே போகிறது என்று பின்தொடரும் முறைக்காக ஜார்ஜ் டி ஹெவெசிக்கு 1943 ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. உயிருள்ள மனிதரின் ஏற்பிகளைப் படமாகப் பார்க்க முடியும் என்று காட்டிய தொடக்கப் படங்களில் ஒன்று 1983 இல் வந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த ஹென்றி வாக்னர், தம் மூளையில் இருக்கும் டோபமைன் ஏற்பிகளையே கார்பன்-11 டிரேசர் கொண்டு படமெடுக்கச் செய்தார்.

கட்டிகளைப் பொறுத்தவரை சோமடோஸ்டேடினின் கதைதான் பாடமாக வைக்கத் தக்கது. 14 அமினோ அமிலங்கள் கொண்ட இந்த ஹார்மோனை 1973 இல் கண்டுபிடித்தார்கள். ஆனால் ரத்தத்தில் கலந்த இரண்டு மூன்று நிமிடங்களிலேயே நொதிகள் அதைச் சிதைத்துவிடும். படமெடுக்க அது உதவாது. பிறகு வந்த ஆக்ட்ரியோடைடு என்ற மருந்து, ஏற்பியோடு ஒட்டும் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு எட்டு அமினோ அமிலங்களாகச் சுருக்கப்பட்டது, எளிதில் சிதையாது. 1980களின் இறுதியில் ராட்டர்டாமில் எரிக் கிரென்னிங்கும் அவருடைய குழுவினரும் இதன் ஒரு வடிவத்தோடு அயோடின்-123 ஐ இணைத்து நோயாளிகளின் கட்டிகளைப் படமாக்கினார்கள். கட்டி தெரிந்தது. ஆனால் அந்த டிரேசர் பித்தநீர் வழியே குடலில் இறங்கியதால், பார்க்க வேண்டிய வயிற்றுப் பகுதியே மறைந்துபோனது. அடுத்து இண்டியம்-111 ஐக் கோத்த வடிவம் வந்தது. அது சிறுநீர் வழியே வெளியேறியதால் வயிறு தெளிவானது. அமெரிக்காவில் 1994 இல் அதற்கு ஒப்புதல் கிடைத்தது.

இன்று பெட் ஸ்கேனில் பயன்படும் டோட்டாடேட்டில் மூன்று பாகங்கள் உண்டு. ஏற்பியை அடையாளம் காணும் பெப்டைடு (அமினோ அமிலங்களின் சிறு சங்கிலி) ஒரு முனை. உலோக அணுவைச் சுற்றி வளைத்துப் பிடித்துக்கொள்ளும் டோட்டா என்ற வளைய மூலக்கூறு மறுமுனை. அந்த வளையத்துக்குள் காலியம்-68 போன்ற கதிரியக்க உலோகம். காலியம்-68 டோட்டாடேட்டுக்கு 2016 இலும், தாமிரம்-64 டோட்டாடேட்டுக்கு 2020 இலும் அமெரிக்க ஒப்புதல் வந்தது.

படம் எப்படி உருவாகிறது?

காலியம்-68 சிதையும்போது பாசிட்ரான் ஒன்று வெளிப்படும். அது திசுவுக்குள் சில மில்லிமீட்டர் தூரம் போவதற்குள் ஓர் எலக்ட்ரானைச் சந்தித்து, இரண்டும் அழிந்து, 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள இரண்டு காமா கதிர்கள் ஏறக்குறைய எதிரெதிர்த் திசையில் பாயும். நோயாளியைச் சுற்றியிருக்கும் வளையத்தில் இரண்டும் ஒரே கணத்தில் பதிவானால், அந்த இரு புள்ளிகளையும் இணைக்கும் கோட்டில் எங்கோ டிரேசர் இருக்கிறது என்று பொருள். இப்படிக் கோடிக்கணக்கான கோடுகளைக் கணினி சேர்த்துப் படமாக்குகிறது. கூடவே எடுக்கும் சிடி ஸ்கேன், அந்த ஒளிப்புள்ளி எந்த உறுப்பில் இருக்கிறது என்று காட்டும்.

இவ்வளவு குறைந்த மருந்தைச் செலுத்தி எப்படிப் படம் கிடைக்கிறது? கூடுதலாகச் செலுத்தினால் இன்னும் தெளிவாகத் தெரியாதா?

ஏற்பிப் படத்தின் நுட்பமே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ஏற்பிகளின் எண்ணிக்கைக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. பேருந்தில் இருக்கைகள் எல்லாம் நிறைந்த பிறகு ஏறுபவர்கள் நிற்கத்தான் வேண்டும். அதுபோல, கதிரியக்கம் இல்லாத வெறும் பெப்டைடு முந்திக்கொண்டு ஏற்பிகளை நிரப்பிவிட்டால், கதிரியக்கம் சுமந்து வரும் மூலக்கூறுக்கு இடம் இருக்காது. படம் மங்கிவிடும்.

அதனால் ஒரு முறைக்கான டோட்டாடேட் குப்பியில் இருக்கும் பெப்டைடு வெறும் 40 மைக்ரோகிராம். சிகிச்சைக்காக மாதம் ஒரு முறை போடும் ஆக்ட்ரியோடைடு ஊசியில் 20 அல்லது 30 மில்லிகிராம் இருக்கும். 30 மில்லிகிராம் என்றால், ஸ்கேனுக்குச் செலுத்தும் அளவைப் போல 750 மடங்கு. இவ்வளவு குறைந்த அளவு என்பதால்தான் ஹார்மோனின் விளைவு எதையும் நோயாளி உணர்வதில்லை. மூலக்கூறுகள் குறைவாக இருக்க வேண்டும். அந்தக் குறைந்த மூலக்கூறுகளில் கதிரியக்கம் சுமப்பவை முடிந்தவரை அதிகமாக இருக்க வேண்டும். டிரேசர் தயாரிப்பவர்கள் காலையில் படும் பாடெல்லாம் இந்த விகிதத்துக்காகத்தான்.

இதற்கு ஒரு விதிவிலக்கு ஆன்டிபாடிகள், அதாவது ஒரு குறிப்பிட்ட இலக்கோடு ஒட்டும் பெரிய புரதங்கள். மார்பகப் புற்றுநோயில் ஹெர்-2 ஏற்பியைப் பார்க்க, டிராஸ்டுசுமாப் என்ற மருந்தோடு சிர்கோனியம்-89 ஐ இணைப்பார்கள். இதை மிகக் குறைந்த அளவில் செலுத்தினால் கட்டியை எட்டுவதற்கு முன்பே உடல் அதை ரத்தத்திலிருந்து விரைந்து நீக்கிவிடுகிறது. ஆகவே அந்த மருந்தை ஏற்கெனவே எடுத்துக்கொண்டிராதவர்களுக்கு வெறும் ஆன்டிபாடியையும் சில பத்து மில்லிகிராம் சேர்த்தே செலுத்துகிறார்கள்.

ஒவ்வொரு டிரேசருக்கும் வெவ்வேறு கதிரியக்க அணு ஏன்?

மூலக்கூறு உடலில் பயணம் செய்யும் வேகத்துக்கும் அணுவின் அரை ஆயுட்காலத்துக்கும் (கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் நேரம்) பொருத்தம் இருக்க வேண்டும். பெப்டைடு சிறியது, ஒரு மணி நேரத்துக்குள் கட்டியில் ஒட்டி, மிச்சம் சிறுநீரில் போய்விடும். அதற்கு 68 நிமிட அரை ஆயுள் கொண்ட காலியம்-68 போதும். ஆன்டிபாடி மிகப் பெரிய புரதம். அது ரத்தத்திலிருந்து விலகிக் கட்டியில் சேர நாட்கணக்காகும். ஊசி போட்டு நான்கைந்து நாள் கழித்துத்தான் ஹெர்-2 படம் தெளிவாக வரும். அதற்கு 78 மணி நேர அரை ஆயுள் கொண்ட சிர்கோனியம்-89 தேவைப்படுகிறது.

காலியம்-68 க்கு இன்னொரு வசதியும் உண்டு. 271 நாள் அரை ஆயுள் கொண்ட ஜெர்மானியம்-68 அடைக்கப்பட்ட சிறு ஜெனரேட்டர் ஒன்று மருத்துவமனையில் இருந்தால் போதும். அது சிதையச் சிதையக் காலியம் உருவாகிக்கொண்டே இருக்கும். நீர்த்த அமிலத்தைச் செலுத்தி வேண்டும்போது வடித்தெடுக்கலாம். கதிரியக்க அணுக்களைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் இயந்திரம் இல்லாத இடங்களுக்கும் இந்த ஸ்கேன் போய்ச் சேர்ந்ததற்கு அந்தப் பெட்டிதான் காரணம். தாமிரம்-64 இன் அரை ஆயுள் சுமார் 12.7 மணி நேரம். தொலைவில் தயாரித்து அனுப்பிவைக்கலாம். அதன் பாசிட்ரான் திசுவில் குறைந்த தூரமே போவதால் படமும் சற்றுக் கூர்மையாக இருக்கும்.

வழக்கமான பெட் ஸ்கேன் ஏற்கெனவே எடுத்தாயிற்று. இது எந்த வகையில் வேறு?

வழக்கமான பெட் ஸ்கேன் எஃப்டிஜி என்ற குளுக்கோஸ் டிரேசரைக் கொண்டது. உயிரணு எவ்வளவு சர்க்கரையை உறிஞ்சுகிறது என்பதை அது காட்டும். ஏற்பிப் படம் காட்டுவது உயிரணுவின் அடையாளத்தை. மெதுவாக வளரும் நியூரோஎண்டோகிரைன் கட்டிக்குச் சர்க்கரைப் பசி குறைவு. எஃப்டிஜியில் அது கண்ணில் படாமலே போகலாம். டோட்டாடேட்டில் அதே கட்டி பளிச்சென்று தெரியும்.

கட்டி தன் இயல்பை இழந்து வேகமெடுக்கும்போது நிலைமை தலைகீழாகிறது. ஏற்பிகள் குறையும், சர்க்கரைப் பசி கூடும். இந்தக் கட்டிகளைத் தரம் பிரிக்க உதவும் கி-67 என்ற அளவு (பெருகிக்கொண்டிருக்கும் உயிரணுக்களின் சதவீதம்) 3 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் முதல் தரம், 3 முதல் 20 வரை இரண்டாம் தரம், 20 ஐத் தாண்டினால் மூன்றாம் தரம். தரம் ஏற ஏற, எஃப்டிஜி ஸ்கேனின் தேவையும் ஏறுகிறது. ஒரே நோயாளிக்கு இரண்டு ஸ்கேன்களையும் கேட்கும்போது 'மருத்துவருக்கே தெளிவில்லையோ' என்று வீட்டார் சங்கடப்படுவதுண்டு. உண்மையில் அது கவனமான மருத்துவத்தின் அடையாளம். எஃப்டிஜியில் ஒளிர்ந்து டோட்டாடேட்டில் ஒளிராத கட்டி ஒன்று இருந்தால், அந்த நோயாளியின் சிகிச்சையைத் தீர்மானிக்கப்போவது பெரும்பாலும் அந்தக் கட்டிதான். ஒரு ஸ்கேனோடு நிறுத்தியிருந்தால் அது தெரிந்திருக்காது.

படத்தில் சிறுநீரகம், மண்ணீரல் எல்லாம் கறுப்பாக இருக்கின்றனவே, அங்கெல்லாம் பரவிவிட்டதா?

இந்தப் பயத்தோடு இரவெல்லாம் தூங்காதவர்கள் உண்டு என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். டோட்டாடேட் ஸ்கேனின் முழு உடல் படத்தைத் திரையில் பார்த்தால், வெளிர் பின்னணியில் மனித உருவத்தின் நிழல் தெரியும். டிரேசர் அதிகம் சேர்ந்த இடம் இந்தப் படத்தில் கறுப்பாக இருக்கும்; 'ஒளிர்கிறது' என்று நாங்கள் சொல்வதும் அதையேதான். இடது விலாவுக்குக் கீழே மையாகக் கறுத்திருப்பது மண்ணீரல். முதுகுப் பக்கம் இரண்டு அவரை வடிவங்கள் சிறுநீரகங்கள். அவற்றின் தலையில் சிறு தொப்பி போல் அட்ரினல் சுரப்பிகள். வலப்பக்கம் மிதமான சாம்பல் நிறத்தில் கல்லீரல். தலையின் நடுவில் ஒற்றைப் புள்ளியாகப் பிட்யூட்டரி. அடியில் சிறுநீர்ப்பை. இவை அனைத்தும் இயல்பு. இவற்றில் சிலவற்றில் ஏற்பி இயற்கையாகவே இருக்கிறது. மற்றவை டிரேசர் வெளியேறும் வழி.

புராஸ்டேட் புற்றுநோய்க்கான பிஎஸ்எம்ஏ ஸ்கேன் என்றால் உமிழ்நீர்ச் சுரப்பிகளும் கண்ணீர்ச் சுரப்பிகளும் சிறுநீரகமும் கறுத்திருக்கும். மார்பகப் புற்றுநோய்க்கான எஃப்இஎஸ் என்றால் கல்லீரல் முழுக்கக் கறுத்திருக்கும்.

கட்டியின் கறுப்பை மதிப்பிட இந்த இயல்பான உறுப்புகளையே அளவுகோலாக வைக்கிறார்கள். அறிக்கையில் 'கிரென்னிங் ஸ்கோர்' என்று இருந்தால், 2 என்பது கல்லீரலுக்குச் சமம், 3 என்பது கல்லீரலை விட அதிகம், 4 என்பது மண்ணீரலை விட அதிகம்.

இயல்பான உறுப்புகள் தவிர வேறு எங்காவது ஒளிர்ந்தால் அது புற்றுநோய்தானே?

அவசியமில்லை. சோமடோஸ்டேடின் ஏற்பி, வேலையில் இறங்கிய நோய் எதிர்ப்பு அணுக்களிலும் உண்டு. சார்காய்டோசிஸ் போன்ற அழற்சி நோய்களில் நிணநீர்க் கணுக்கள் ஒளிரும். ஆறிவரும் எலும்பு முறிவு ஒளிரும். மூளை உறையில் வரும் மெனிஞ்சியோமா என்ற, பெரும்பாலும் தீங்கற்ற கட்டி மிக நன்றாக ஒளிரும். கணையத்தின் தலைப்பகுதி இயல்பாகவே சற்றுக் கறுத்துக் காட்டுவதால் அங்கே கட்டி என்று தவறாக எண்ண இடம் உண்டு. கணையத்தின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு கூடுதல் மண்ணீரல் உருண்டை, அச்சு அசலாகக் கணையக் கட்டி போலவே தோன்றும். பிஎஸ்எம்ஏ படத்தில் வயிற்றின் நடுவே இருக்கும் நரம்பு முடிச்சுகள் நிணநீர்க் கணுக்களைப் போல் வேடம் காட்டும்.

எனவே அறிக்கையைத் தனியாக இணையத்தில் தேடிப் பொருள் கொள்ள வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். முந்தைய சிடி, எம்ஆர்ஐ படங்கள், அறுவை சிகிச்சை விவரங்கள், மண்ணீரல் எடுக்கப்பட்டதா, அண்மையில் கீழே விழுந்தீர்களா என்பதெல்லாம் படத்தை வாசிப்பவருக்குத் தெரிந்தாக வேண்டும். பழைய கோப்பு முழுவதையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

எதுவும் ஒளிரவில்லை என்றால் நோய் இல்லை என்று நிம்மதியாக இருக்கலாமா?

ஏற்பி தெரியவில்லை என்பதும் கட்டி இல்லை என்பதும் ஒன்றல்ல. சில மில்லிமீட்டரே உள்ள கட்டி கருவியின் கூர்மைக்கு எட்டாது. கட்டி தன் ஏற்பியை இழந்திருக்கலாம். மருந்து ஏற்பியை மறைத்திருக்கலாம். அல்லது கட்டியில் வேறொரு ஏற்பி இருக்கலாம். இன்சுலினை அளவின்றிச் சுரக்கும் இன்சுலினோமா நல்ல உதாரணம். அவற்றில் பல, இரண்டாம் வகைச் சோமடோஸ்டேடின் ஏற்பியைக் குறைவாகவே கொண்டவை. ஆனால் ஜிஎல்பி-1 ஏற்பி மிகுதி. அந்த ஏற்பியோடு ஒட்டும் எக்ஸென்டின்-4 என்ற வேறு டிரேசரைச் செலுத்தினால், டோட்டாடேட்டில் ஒளிந்திருந்த கட்டி தெரியவரும்.

மார்பகப் புற்றுநோய்க்கான எஃப்இஎஸ் ஸ்கேன் யாருக்கு?

கதிரியக்க ஃபுளூரின்-18 இணைந்த எஸ்ட்ராடையால் (ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோன்)தான் எஃப்இஎஸ். வேதியியலாளர் ஜான் காட்ஸனெல்லன்போகனும் மைக்கேல் வெல்ச்சும் 1980களில் இதற்கான அடித்தளத்தை இட்டார்கள். அமெரிக்க ஒப்புதல் 2020 இல்தான் வந்தது. ஆய்வகத்திலிருந்து நோயாளிக்கு வர இவ்வளவு நீண்ட காலம் ஆனதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள மார்பகப் புற்றுநோய் மீண்டும் வந்தாலோ பரவினாலோ, பயாப்ஸியோடு துணையாக இதைப் பயன்படுத்துகிறார்கள். ஹார்மோன் சிகிச்சைக்குக் கட்டிகள் இணங்குமா என்ற கேள்வியில் இதன் பங்கு பெரிது. எஃப்டிஜியில் அவ்வளவாகப் பிடிபடாத லோபுலர் என்ற மார்பகப் புற்றுநோய் வகையில் இதற்குத் தனி மதிப்பு உண்டு. பெரிய குறை கல்லீரல்: எஃப்இஎஸ் அங்கேதான் வளர்சிதை மாற்றம் அடைகிறது என்பதால், கல்லீரலில் பரவிய கட்டிகளை இதில் நம்பிப் பார்க்க முடியாது.

ஸ்கேனுக்கு முன் மருந்துகளை நிறுத்த வேண்டுமா?

எந்த டிரேசர், எந்த மருந்து என்பதைப் பொறுத்தது. நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

எஃப்இஎஸ்ஸில் இது மிக முக்கியம். டமாக்சிஃபென், ஃபுல்வெஸ்ட்ரன்ட் இரண்டும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியிலேயே போய் அமர்பவை. அவை உடலில் இருக்கும்போது படமெடுத்தால், ஏற்பி இருந்தும் இல்லாதது போல் தோன்றும். டமாக்சிஃபென் போன்றவற்றுக்கு 8 வாரம், ஃபுல்வெஸ்ட்ரன்ட்டுக்கு 28 வாரம் இடைவெளி வேண்டும் என்கிறது மருந்துக் குறிப்பு. சிகிச்சையை நிறுத்திவிட்டு இவ்வளவு காலம் காத்திருப்பது பெரும்பாலும் முறையாகாது; ஆகவே அந்த மருந்தைத் தொடங்கும் முன்பே ஸ்கேன் எடுத்துவிடுவதுதான் நல்லது. லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்றவை உடலில் ஈஸ்ட்ரோஜன் உருவாவதைக் குறைப்பவை, ஏற்பியைத் தொடுவதில்லை. அவற்றால் சிக்கல் இல்லை.

டோட்டாடேட்டில், குறுகிய நேரம் செயல்படும் ஆக்ட்ரியோடைடு ஊசியை 24 மணி நேரத்துக்கு முன் நிறுத்துவார்கள். மாதாந்திர ஊசி என்றால், அடுத்த ஊசிக்குச் சற்று முன்பாக ஸ்கேன் தேதியை வைப்பது வழக்கம். மாதாந்திர ஊசி கட்டியின் ஒளியைக் குறைப்பதைவிடக் கல்லீரல், மண்ணீரலின் ஒளியைத்தான் அதிகம் குறைக்கிறது என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. அதனால் தேதி சற்று முன்பின் ஆனாலும் கவலைப்பட வேண்டியதில்லை. கடைசி ஊசி எந்தத் தேதியில் போட்டது என்பதை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்.

பிஎஸ்எம்ஏ என்பதும் ஏற்பிதானா?

கறாராகப் பார்த்தால் அது ஒரு நொதி. ஆனால் புராஸ்டேட் புற்றணுவின் மேற்பரப்பில் மிகுதியாக இருக்கிறது. டிரேசர் ஒட்டியதும் அதை உயிரணுவுக்குள் இழுத்துக்கொள்கிறது. படமெடுப்பவரின் பார்வையில் ஏற்பியைப் போலவே நடந்துகொள்வதால் எல்லோரும் இதே வரிசையில் சேர்க்கிறார்கள். ஹைடல்பெர்க்கில் உருவான காலியம்-68 பிஎஸ்எம்ஏ-11 டிரேசருக்கு 2020 இறுதியில் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், அபாயம் அதிகமுள்ள 302 நோயாளிகளிடம் ஒப்பிட்டபோது, பிஎஸ்எம்ஏ பெட்டின் துல்லியம் 92 சதவீதமாகவும், வழக்கமான சிடி, எலும்பு ஸ்கேன்களின் துல்லியம் 65 சதவீதமாகவும் இருந்தன.

ஸ்கேன் அன்று என்ன நடக்கும்?

பட்டினி கிடக்கத் தேவையில்லை. எஃப்டிஜி போல ரத்தச் சர்க்கரை அளவு இதில் குறுக்கிடாது. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். கனமான உலோகக் கவசத்துக்குள் இருக்கும் சிறு ஊசியைக் கொண்டுவந்து கை ரத்தக்குழாயில் சில நொடிகளில் செலுத்திவிடுவார்கள். வலியோ வெப்பமோ தெரியாது. பிறகு காத்திருப்பு: டோட்டாடேட்டுக்கு 40 முதல் 90 நிமிடம், எஃப்இஎஸ்ஸுக்குச் சுமார் 80 நிமிடம். சிறுநீர் கழித்துவிட்டு மேசையில் படுத்தால், படம் எடுக்கப் பொதுவாக அரை மணி நேரத்துக்குள்தான் ஆகும்.

கதிர்வீச்சு ஆபத்தா? வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்களே?

காலியம்-68 டோட்டாடேட்டால் உடலுக்குச் சேரும் கதிர்வீச்சு சுமார் 3 முதல் 5 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு). மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாகவே ஒருவர் ஆண்டுக்குப் பெறும் உலகச் சராசரி 2.4 மில்லிசீவர்ட். கூடவே எடுக்கும் சிடி, சாய ஊசியோடு முழு அளவில் எடுக்கப்பட்டால் இதைவிட அதிகமாகவும் சேர்க்கலாம். ஆபத்து பூஜ்ஜியம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மிகச் சிறியது என்பதே சரி. சிகிச்சையையே மாற்றக்கூடிய தகவல் கிடைக்கும்போது அது ஏற்கத்தக்கது.

அரை ஆயுள் 68 நிமிடம் என்பதால் 11 மணி நேரம் கடந்தால் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கே மிஞ்சும். அன்று மாலை வரை கைக்குழந்தையை நெடுநேரம் மடியில் வைத்திருக்காமல் இருந்தால் போதும். கர்ப்பம் இருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பாலூட்டுபவர்கள் டோட்டாடேட்டுக்குப் பின் 12 மணி நேரம் நிறுத்திவிட்டுத் தொடரலாம்.

'படமெடுத்த மருந்தாலேயே சிகிச்சை' என்கிறார்களே, அது என்ன?

இந்தத் துறை எனக்கு மிகவும் பிடித்துப்போனதற்குக் காரணமே இதுதான். டோட்டாடேட்டின் வளையத்தில் காலியத்துக்குப் பதிலாக லுட்டீஷியம்-177 ஐ வைத்தால், அதே மூலக்கூறு அதே கட்டிகளைத் தேடிப் போய், இப்போது பீட்டா கதிர்களைப் பொழியும். அந்தக் கதிர்கள் திசுவில் அதிகபட்சம் 2 மில்லிமீட்டர் போல்தான் போகும். கட்டி அழியும், சுற்றுப்புறம் பெரும்பாலும் தப்பும். ஸ்கேனில் கட்டி போதிய அளவு ஒளிர்ந்தால்தான் இந்தச் சிகிச்சை. ஒளிராத கட்டிக்கு மருந்து போய்ச் சேராது.

சிறுகுடல் பகுதி நியூரோஎண்டோகிரைன் கட்டி உள்ள 229 பேரிடம் நடந்த நெட்டர்-1 ஆய்வின் முடிவு 2017 இல் வந்தது. 20 மாதங்களில் நோய் முற்றாமல் இருந்தவர்கள் லுட்டீஷியம் பெற்ற குழுவில் 65.2 சதவீதம், கூடுதல் அளவு ஆக்ட்ரியோடைடு மட்டும் பெற்ற குழுவில் 10.8 சதவீதம். இவ்வளவு பெரிய இடைவெளியைப் புற்றுநோய் ஆய்வுகளில் அரிதாகத்தான் பார்க்கிறோம். புராஸ்டேட் புற்றுநோயில் 831 பேர் பங்கேற்ற விஷன் ஆய்வில், லுட்டீஷியம் பிஎஸ்எம்ஏ-617 பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 15.3 மாதம், மற்றவர்களுக்கு 11.3 மாதம். முற்றிய நிலையில் இருந்தவர்களுக்குக் கிடைத்த நான்கு மாதங்கள் இவை; குணமாக்கிவிடும் என்று யாருக்கும் நம்பிக்கை ஊட்டக் கூடாது. சிறுநீரகம், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றைக் கண்காணித்துக்கொண்டேதான் தருகிறார்கள். டோட்டாடேட் சிகிச்சையின்போது சிறுநீரகத்தைக் காக்க, லைசின், அர்ஜினின் ஆகிய அமினோ அமிலங்களைக் கூடவே ஏற்றுவார்கள்.

ஏற்பியைத் தூண்டும் டிரேசர் நல்லதா, தடுக்கும் டிரேசர் நல்லதா?

மாணவர்களுக்கான கேள்வி. தூண்டும் மூலக்கூறு ஒட்டினால் உயிரணு ஏற்பியோடு சேர்த்து அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். கதிரியக்கம் அங்கேயே தங்கும். எனவே தூண்டியே சிறந்தது என்று நெடுங்காலம் நம்பினார்கள். 2006 இல் ஹெல்முட் மெக்கே, ஜான் கிளோட் ரூபி ஆகியோரின் குழுக்கள் அந்த நம்பிக்கையைக் கலைத்தன. உள்ளே போகாத தடுப்பான்கள் கட்டியில் கூடுதலாகச் சேர்வதைக் காட்டினார்கள். தூண்டி, ஏற்பியின் குறிப்பிட்ட நிலையில் மட்டும் நன்றாக ஒட்டும். தடுப்பானுக்கு ஒட்டும் இடங்கள் மிக அதிகம் என்பதே விளக்கம்.

சிகிச்சைக்குப் பின் எடுத்த ஸ்கேனில் ஒளி மங்கியிருக்கிறது. நல்ல செய்திதானே?

பெரும்பாலும் ஆம், ஆனால் அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கட்டி சுருங்கினாலும் ஒளி மங்கும். கட்டி அப்படியே இருந்து ஏற்பியை மட்டும் இழந்தாலும் மங்கும். முதலாவது நலம், இரண்டாவது, நோய் முரட்டுத்தனமாக மாறுவதன் அறிகுறியாக இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய, அதே கட்டியைச் சிடியிலோ எம்ஆர்ஐயிலோ அளந்து பார்க்க வேண்டும். அங்கே அளவு குறையாமல் ஒளி மட்டும் குறைந்திருந்தால் எஃப்டிஜி ஸ்கேன் கேட்பார்கள். தேவைப்பட்டால் அந்த இடத்திலிருந்து புதிதாகத் துணுக்கு எடுப்பார்கள். முந்தைய ஸ்கேனையும் இதையும் ஒப்பிடுவதென்றால், முடிந்தவரை இரண்டும் ஒரே டிரேசரில், ஒரே கருவியில், ஊசிக்குப் பின் ஏறக்குறைய அதே காத்திருப்பு நேரத்தில் எடுத்தவையாக இருக்க வேண்டும். வேறு மருத்துவமனைக்கு மாறுகிறீர்கள் என்றால், அச்சிட்ட அறிக்கையோடு நிற்காமல், மூலப் படங்கள் அடங்கிய குறுந்தட்டையும் கேட்டு வாங்கிச் செல்லுங்கள்.